ஐந்தாவது தட்டு

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எடுக்கத்தான் ஒருத்தி இருக்கிறாளே.

மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் போன். பக்கத்தில் ஒரு நாற்காலி. போனின் ஒயர் ஒரு முழத்துக்கு மேல் நீளாது. கீழே அண்ணனின் அச்சகம். மிஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் ஒரு பழைய ஸ்பேனரைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு தட்டு தட்டினால் போன் அண்ணனுக்கு. இரண்டு என்றால் அண்ணிக்கு. மூன்று தம்பிக்கு. நான்கு, அண்ணன் மகளுக்கு. காலேஜ் போகும் வயதிலும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

தட்டுகிறவளுக்கு என்று ஒரு தட்டு கிடையாது. போனை எடுத்துவிட்டுத் தன்னையே தட்டிக் கூப்பிட்டுக்கொள்வாளா என்ன? தவிர, அவளைக் கேட்டு யாரும் போன் செய்ததில்லை.

வருகிற போனை எல்லாம் ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவதால் எக்சேஞ்ச் என்று அவளுக்குப் பட்டம் வைத்தவன் தம்பி. புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல் பெட்டியும் கையுமாக அவள் திரும்பி வந்த வருடம் அது. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். போன் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் என்பது அப்படியே நீண்டு, தலையில் நரை கண்டுவிட்டது. அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குக் குறை வைத்ததில்லை. அவளைப் பற்றி நினைக்க மட்டும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. செவ்வாய்க்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதக் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசுவார். எந்தக் காகிதம், எத்தனை ரீம் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். ஆர்டருக்கு முன்னால் "சாப்பிட்டாச்சாம்மா?" என்று ஒரு கேள்வி. நடுவே ஒரு இருமல். முடிக்கும்போது அவர் "வெச்சிடறேம்மா" என்பார். அவள் "வரேன்" என்பாள். "எங்க வரப்போறீங்க?" என்று அவர் சிரிப்பார். அவள் யாரோடு பேசினாலும் அப்படிச் சொல்லித்தான் போனை வைப்பாள். ஒரு வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

போன செவ்வாய் அவர் வழக்கம்போல் வைத்துவிடவில்லை. "அடுத்த வாரம் ஒண்ணு கேக்கணும்மா. அண்ணன்கிட்ட இல்ல. உங்ககிட்ட" என்றார்.

ஒரு வாரமாக அவள் மனதில் என்னவெல்லாம் கட்டினாள் என்று இங்கே எழுதப் போவதில்லை. தன்னை நினைக்க ஆளில்லாத வீட்டில் யாரும் கட்டுவதுதான்.

இன்று அந்தச் செவ்வாய்.

காலையில் அண்ணன் பல் துலக்கிய கையோடு வந்து, "இன்னிக்கு அந்த ஒயர் இல்லாத போனை வாங்கிட்டு வந்திருங்க" என்றான்.

இரண்டு நாளாக வீட்டில் நடந்த ரகளையின் முடிவு இது. எக்சேஞ்ச் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மணி அடித்து அடித்து ஓய்ந்ததில் அண்ணனுக்கு ஒரு பெரிய ஆர்டர் கைநழுவியது. அண்ணியிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், அவள் பாடத்தை விட்டு எழுந்து வருவதற்குள் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். பாப்பாவின் குறை வேறு மாதிரி.

"நான் பேசினா மொத்த வீடும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது. அத்தைக்கு என் ஃப்ரெண்டுங்க குரல் எல்லாம் மனப்பாடம். எனக்கே அவ்வளவு தெரியாது."

எக்சேஞ்சுக்கு வாய் வரை வந்தது: நாளைக்கு வாங்கலாமே. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கூரியர் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி அரை நாள் லீவு போட்டிருந்தான். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.

கடையில் ஒரு சேல்ஸ்மேன். கட்டியிருந்த டை தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது.

"இது பாருங்க சார், ரெண்டு ஹேண்ட்செட். மாடியில ஒண்ணு, கீழ ஒண்ணு. வீட்டுக்குள்ளயே பேசிக்கலாம். யார் கூப்பிடறாங்கன்னு நம்பர் வேற காட்டும்."

"காட்டாதது இருக்கா?" என்றான் தம்பி.

"இருக்கு. அது பேசும், கேக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் எங்களுக்கு வேணும். எடுங்க."

சேல்ஸ்மேனின் முகம் ஒரு சுற்று இளைத்தது. கண்ணாடி அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிற போனை எடுத்துவந்து வைத்தார். சின்ன ஸ்டாண்டு, அதில் நிற்க ஒரு ஹேண்ட்செட், தலையில் குட்டையாக ஒரு ஆன்டெனா. வேறு ஜோடனை எதுவும் இல்லை.

"அக்கா, நீ என்ன சொல்றே?" தம்பி மரியாதைக்குக் கேட்டான்.

அவள் ஹேண்ட்செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமே இல்லை. பொம்மை போலிருந்தது. "இது எவ்வளவு தூரம் வரைக்கும் கேக்கும்?"

"திறந்த வெளியில நல்லா போகும் மேடம். வீட்டுக்குள்ளன்னா சுவரைப் பொறுத்தது."

"மொட்டை மாடி வரைக்கும்?"

"சுவரைப் பொறுத்தது மேடம்."

தம்பி சிரித்தான். "மொட்டை மாடிக்குப் போய் நீ யாருகிட்ட பேசப் போறே? காக்கா கிட்டயா?"

அவளும் சிரித்து வைத்தாள்.

"ஒரே ஒரு விஷயம் மேடம்" என்றார் சேல்ஸ்மேன். "மொதல் தடவை பதினாறு மணி நேரம் சார்ஜ் போடணும். அது வரைக்கும் எடுத்துப் பேசக் கூடாது. பேசினா பேட்டரி படுத்துரும். புக்குலயும் போட்டிருக்கு."

எக்சேஞ்சுக்கு உடம்பில் உயிர் வந்தது. பதினாறு மணி நேரம் என்றால் நாளைக் காலை. அதுவரை பழைய போன்தான். மதியம் அது அடிக்கும், அவள் எடுப்பாள். நாளைக்கு இந்தப் பொம்மை எந்த ரூமில் கிடந்தால் அவளுக்கென்ன?

"பதினாறு மணி நேரம்னா பதினாறு மணி நேரம்தான்" என்றாள் உரக்க. "புக்குல போட்டிருக்குல்ல."

தம்பி அதற்குள் தோள்பையைத் திறந்தான். உள்ளேயிருந்து பழைய போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதன் ஒயரே அதன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பழசைக் குடுத்தா கொஞ்சம் கொறைப்பாங்கக்கா. நீ செருப்புத் தேடிக்கிட்டிருந்தப்ப கழட்டிட்டேன்."

சேல்ஸ்மேன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடையின் உள்பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்: "எக்சேஞ்ச்!"

"என்ன?" என்றாள் அவள், பழக்கத்தில்.

சேல்ஸ்மேன் விழித்தார். தம்பி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ அக்கா, உன்னை இல்ல. உன்னைக் குடுத்தா ஒண்ணும் கொறைக்க மாட்டாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. உள்ளேயிருந்து ஒருவர் வந்து பழைய போனைத் தூக்கிக்கொண்டு போனார். ரிசீவர் நழுவிச் சுருட்டை ஒயரில் தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அதுவும் தொங்கிக்கொண்டே உள்ளே போனது.

"பழசு ஒரு நாள் இருக்கட்டுமேடா" என்றாள். "இது சார்ஜ் ஆகற வரைக்கும்."

"எதுக்கு? ஒரு நாள் போன் இல்லேன்னா என்ன? அண்ணனுக்குச் சொல்லிக்கலாம். உனக்கு யாருக்கா போன் பண்ணப் போறாங்க?"

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் அட்டைப்பெட்டியோடு வந்தாள். வழியில் ஒரு பள்ளம் வந்தபோது பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இனி எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஸ்டூலின்மேல் ஸ்டாண்டை வைத்து ஒயரைச் செருகினான். ஹேண்ட்செட்டை நிறுத்தினான். சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.

"நாளைக் காலை வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது. தொட்டா பேட்டரி போயிரும்" என்று நாலு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிட்டு அரை நாள் வேலைக்குக் கிளம்பினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் தொடக் கூடாது என்றால் அது இங்கேயே இருக்கும். இங்கே இருந்தால் மணி இங்கேதான் அடிக்கும். பேட்டரி பாடையில் போகட்டும், இரண்டு நிமிஷம் எடுத்துப் பேசினால் யாருக்குத் தெரியப் போகிறது? நாற்காலியை ஸ்டூலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். சட்டமும் கிடைத்தது, காவலும் கிடைத்தது. அவளை மிஞ்சி இன்று யாரும் இதைத் தொட முடியாது.

அந்த நிம்மதி, அண்ணன் சாப்பிட மேலே வரும் வரைதான் நின்றது.

"பதினாறு மணி நேரமா? அதுக்குள்ள எத்தனை பார்ட்டி ஓடிருவான் தெரியுமா?" அண்ணன் எச்சில் கையை உதறிவிட்டு ஹேண்ட்செட்டைத் தூக்கினான்.

"அண்ணா, புக்குல போட்டிருக்கு!"

"புக்குல எதை வேணா போடுவாங்க. எனக்குத் தெரியாதா? அச்சடிக்கிறவனே நான்தானே." சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். ஆன்டெனா பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் காலி ஸ்டாண்டைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே புது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பறவைக் குஞ்சு கத்துவது போல் கீச்சென்று இருந்தது. அவள் கை தானாக ஸ்டூலுக்குப் போய் வெறும் ஸ்டாண்டைத் தொட்டது. அண்ணன் பேசினான், சிரித்தான், முடித்தான். அடுத்த மணி அண்ணிக்கு. அண்ணனே மேலே வந்து கொடுத்துவிட்டுப் போனான். அண்ணி, பள்ளிக்கூட லீவில் மதியமே வந்துவிட்ட டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எக்சேஞ்ச் பார்த்துப் பல நாளாகிறது.

"ரொம்ப வசதி" என்றாள் அண்ணி, நாத்தனாரைப் பார்த்து. "உனக்கும் ஓயாத தட்டல் மிச்சம். கொஞ்சம் காலை நீட்டிப் படு."

படுப்பதா? படுத்து என்ன செய்வது?

காலேஜிலிருந்து வந்த பாப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். வெளியே வரும்போது அவள் கையிலேயே மறுபடி அடித்தது.

"ஹலோ... யாரு வேணும்?... அப்படி யாரும் இல்லீங்க. ராங் நம்பர்." வைத்துவிட்டாள்.

"யாரு பாப்பா?" எக்சேஞ்ச் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ராங் நம்பர்னு சொன்னேனே அத்தை."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"ராங் நம்பருக்கு என்ன குரல் அத்தை? போன் குரல்தான்." கொஞ்சம் முறைத்தாள். "இதுக்குத்தான் கார்ட்லெஸ்ஸே கேட்டேன்."

ஹேண்ட்செட் மறுபடி அண்ணனிடம் போனது. போகும் வழியில் ஒரு தடவை சன்னமாக 'பீப்' என்றது. யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிப் பழகிய காது.

மூன்று மணி ஆயிற்று. அண்ணியின் பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொன்னார்கள். கீழே மிஷின் ஓடியது. தம்பி வேலையைச் சீக்கிரமே முடித்து வந்து, நேரே அச்சகத்துக்குள் போய்ப் பேப்பர் அடுக்க ஒத்தாசை செய்துகொண்டிருந்தான். வீட்டில் ஆளுக்கு ஒரு சத்தம் இருந்தது. கைப்பிடியில் தொங்கிய ஸ்பேனர் மட்டும் அசையவில்லை. காலையிலிருந்து ஒரு தட்டு கூட விழாத நாள், அவள் வந்த பிறகு இதுதான் முதல்.

அப்போது கீழே கீச்சென்றது. மிஷின் நின்றது.

எழுந்து படியோரம் நின்றாள். அண்ணனின் குரல் வந்தது. "ஆங், சொல்லுங்க... எழுபது ஜிஎஸ்எம் பேப்பரா? அது... எத்தனை ரீம் இருக்குன்னு தெரியலையே... இருங்க, பார்த்துச் சொல்றேன்."

அவர்தான். ஆர்டர் வாங்குகிறார். அண்ணன் தப்பும் தவறுமாகச் சொல்கிறான். திருத்தச் சொல்லி நாக்கு துடித்தது. ஆர்டர் முடிந்துவிட்டால் அவர் வைத்துவிடுவார். கேட்க வேண்டியதைக் கேட்காமலே வைத்துவிடுவார். அடுத்த செவ்வாயும் அண்ணன்தான் எடுப்பான். அதற்கடுத்த செவ்வாயும்.

கீழே சத்தமே இல்லை.

பிறகு கைப்பிடி அதிர்ந்தது.

ஒன்று. அண்ணன் தன்னையே ஏன் தட்டிக்கொள்கிறான்?

இரண்டு. அண்ணி வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

மூன்று. கீழே தம்பி, "எனக்கா?" என்று பேப்பர் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

நான்கு. பாப்பா ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஐந்து.

எல்லோரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அஞ்சா? அஞ்சு யாரு?" என்றாள் பாப்பா.

அண்ணன் மிஷினைத் திருகும் ஸ்பேனரை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படியடியில் நின்றிருந்தான். தெரியாமல் எதையோ உடைத்துவிட்ட பிள்ளையின் முகம் அவனுக்கு. "காகிதக் கம்பெனிக்காரரு. இவகிட்டதான் பேசணுமாம்" என்று மேலே பார்த்தான். "எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. தட்டிட்டேன்."

"வாய்ல கூப்பிட வேண்டியதுதானே? அதான் மிஷினை நிறுத்திட்டியே" என்றான் தம்பி.

"போன்னா தட்டித்தானேடா பழக்கம்."

அவள் படியிறங்கிப் போனை வாங்கிக்கொண்டாள். அண்ணனின் பையில் இருந்த சூடு அதில் இருந்தது. வாங்கிய பிறகுதான் பார்த்தாள்: கீழே இரண்டு பேர், மேலே இரண்டு பேர், அண்ணிக்குப் பின்னால் டியூஷன் பிள்ளைகளின் தலைகள். ஒயர் இல்லாத போன். எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவள் யாரையும் பார்க்காமல் எல்லோரையும் தாண்டி மேலே ஏறினாள். மொட்டை மாடிக்குப் போகும் குறுகலான படியில் திரும்பி, பாதியில் நின்றாள்.

"ஹலோ."

"அம்மா, நான்தான். என்னம்மா இன்னிக்கு யார் யாரோ எடுக்கறாங்க? மொதல்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு. போன் எடுப்பாங்களே, அவங்க இருக்காங்களான்னு கேட்டேன். அப்படி யாரும் இல்ல, ராங் நம்பர்னு வெச்சிருச்சு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "புது போன்" என்றாள்.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சு."

இருமினார். "நான் இன்னியோட ரிட்டயர் ஆகறேம்மா. பையன் வீட்டோட போய் இருக்கப் போறேன். பேரன் பொறந்திருக்கான்."

பேரன்.

அவருடைய ஒவ்வொரு 'ம்மா'வையும் இத்தனை காலம் அவள் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஒரு பெரியவர், மகள் வயதுப் பெண்ணைக் கூப்பிடும் 'அம்மா' அது. வேறு ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இருமலைக் கேட்டாவது தெரிந்துகொண்டிருக்கலாம். எல்லோருடைய குரலையும் சரியாக எடை போட்ட காது, இந்த ஒரு குரலில் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது.

"சந்தோஷம்" என்றாள். குரல் சரியாகவே வந்தது. பழக்கப்பட்ட குரல்.

"கேக்கணும்னு சொன்னேனே. என் சீட்டுக்கு ஆள் தேடறாங்கம்மா. மேஜை இருக்கு, போன் இருக்கு. அச்சாபீஸ் அச்சாபீஸா கூப்பிட்டு ஆர்டர் எடுக்கணும். மாசச் சம்பளம். உங்களை மாதிரி பொறுமையா பேசற ஆளு நான் பார்த்ததில்ல. அஞ்சு மணிக்கு மேனேஜர் கெளம்பிருவாரு. அதுக்குள்ள நான் ஆள் சொல்லணும். இல்லேன்னா அவரு மச்சினன் வந்து உக்காந்துருவான். வருவீங்களா? வரேன், வரலே, ரெண்டுல ஒண்ணு..."

அதற்குப் பிறகு கரகரப்பு. எண்ணெயில் எதையோ போட்டது போல் பொரிந்தது. ஆன்டெனாவுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு சுவர்.

"ஹலோ? ஹலோ?" என்றாள்.

"...கேக்கலம்மா... உரக்க..."

பதினொரு அத்தியாயமாக இந்த வீட்டில் ஒரு முடிவை அவள் எடுத்து நாம் பார்த்ததில்லை. எடுக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதும் இல்லை. இப்போது கேட்டவர் இன்றோடு போகிறார். போகிறவரின் நாற்காலி காலியாகிறது. இங்கேயும் ஒரு காலி நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தாள், அப்போது யாரும் "வருவீங்களா?" என்று கேட்கவில்லை.

காதில் 'பீப்' என்றது. பேட்டரி.

மேலே ஏறினால் யாருக்கும் கேட்காது. அவருக்கும் கேட்காது. அவள் கீழே இறங்கினாள். ஒரு படி இறங்கினால் கரகரப்பு கொஞ்சம் குறைந்தது. இன்னொரு படி. 'பீப்'. திருப்பத்தில் வந்ததும் குரல் தெளிந்தது. அங்கே அண்ணி, பாப்பா, மேலே ஏறி வந்துவிட்ட அண்ணன், தம்பி, எல்லோரும் கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல் ஸ்டூலைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இப்ப கேக்குதும்மா. சொல்லுங்க" என்றார் அவர்.

அவள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வரேன்."

காதில் நீளமாக ஒரு 'பீப்'. பிறகு போன் செத்தது.

அவள் சிறிது நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு வந்ததா? "எங்க வரப்போறீங்க?" என்று கேட்டாரா? இத்தனை செவ்வாய்க்கிழமைகளும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் போனை வைத்திருக்கிறாள். இன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதை அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார்? விடை பெறுகிறாள் என்றா?

"வழக்கமான டயலாக்தான்" என்றான் தம்பி. "உக்காந்த எடத்துலயே இருந்துக்கிட்டு எங்கக்கா வர்றே?"

ஆக, இவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

"வேலைக்கு" என்றாள். "காகிதக் கம்பெனியில. அவரோட சீட்டுக்கு."

அண்ணன் முந்திக்கொண்டான். "யாரைக் கேட்டு? இங்க உனக்கு என்ன கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லண்ணா."

"நீ போயிட்டா இங்க போனை யாரு எடுக்..." என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் நிறுத்தினாள். எல்லோருடைய கண்களும் எக்சேஞ்சின் கையில் இருந்த சாம்பல் நிறப் பொம்மைக்குப் போயின. அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் காலையில் கடையில் போய் வாங்கி வந்திருந்தார்கள்.

"அத்தை" என்றாள் பாப்பா, சின்னக் குரலில். "அந்த ராங் நம்பர்..."

"பரவாயில்ல பாப்பா. உனக்கு எப்படித் தெரியும்?"

ஹேண்ட்செட்டை ஸ்டாண்டில் நிறுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. "பதினாறு மணி நேரம்" என்றாள் அண்ணனைப் பார்த்து. "இப்பவாவது தொடாதீங்க."

காகிதக் கம்பெனியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். தெருமுனையைத் தாண்டி ஒரு பொது போன் உண்டு. மேனேஜர் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டை விட்டு வெளியே போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எல்லோரும் அந்த வார்த்தைக்காக நின்றார்கள். அவளும் வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். அந்த வார்த்தையை இன்று ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்தாயிற்று. அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் இன்னொன்றை எடுத்து இங்கே செலவழிக்க மனம் வரவில்லை.

ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.

கேட்டைத் தாண்டிப் பத்தடி போயிருப்பாள். பின்னால், மூச்சு வந்துவிட்ட போன் கீச்சென்று கத்தியது போலிருந்தது. பிறகு இரும்புச் சத்தம், சந்தேகமே இல்லாமல், ஸ்பேனர் சத்தம். யார் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. தட்டிப் பழக்கமில்லாத கை.

நின்று எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி, தெரு முழுக்கச் சத்தத்தை இறைத்துக்கொண்டு அவளுக்கும் வீட்டுக்கும் நடுவே புகுந்தது.